வேப்பமரத்திலிருந்து பதினேழு தப்படி: தனியார் இடுகாடு ஒன்றின் வழக்கு

2022 பங்குனியில், பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் வயதான அம்மா ஒருவர் தவறிப்போனார். நெசவுக் குடும்பம். அவர்கள் சமூகத்தில் எரிப்பதில்லை, அடக்கம் செய்வதுதான் வழக்கம். சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பது என்று முடிவாகி, குழிக்கு இடம் காட்ட மருமகளின் தம்பி காலையிலேயே இடுகாட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அய்யன் கல்லக் காணமக்கா. பக்கத்துக் கல்லு ஒண்ணுகூட இல்ல. அந்தப் பக்கம் பூராவும் நெரவி வெச்சிருக்காங்க."

பெண்கள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. மாமியாரை நடுவீட்டில் கிடத்தியிருக்க, பக்கத்து வீட்டுப் பையனின் வண்டியில் ஏறி அந்த அக்கா போனார். 1994-ல் அவருடைய அப்பாவை அடக்கம் செய்த இடத்தில் ஜேசிபி ஓடிய தடம் இருந்தது. புதிதாகக் கல்கால் நட்டு மூன்று வரிசை கம்பி இழுத்திருந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் மனை அளந்து சுண்ணாம்புக் கோடு. அப்பா கல்லின் ஒரு மூலை மட்டும், இரண்டு கை அகலத்துக்கு, வேலியோரம் மண்ணில் சொருகிக் கிடந்தது. அதில் 'தோற்றம்' என்ற சொல் மட்டும் முழுசாக இருந்தது.

நான் ஈரோட்டில் வழக்கு நடத்துகிறவன், பெரும்பாலும் நிலத் தகராறு. காரியம் முடிந்த மறுவாரம் அந்தக் கல் துண்டை ஒரு துண்டுச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்த அக்கா என்னிடம் வந்தார். மூன்றரை வருடமாக நடக்கிற அந்த விவகாரத்தை அவர்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். வழக்கு இன்னும் முடியவில்லை. அதனால் ஊர், சர்வே எண், ஆட்களின் பெயர் எதையும் போடவில்லை.

பத்திரத்தில் ஒரு வரி

இடம் மொத்தம் 1 ஏக்கர் 12 சென்ட், புன்செய். 1958-ல் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூல் போட்டு வாங்கியது. சங்கம், அறக்கட்டளை என்று அப்போது எதுவும் இல்லை. அதனால் பெரியதனக்காரர்கள் மூன்று பேர் பெயரில் கிரயம் ஆனது. அந்தக் காலத்தில் இப்படித்தான் எல்லா ஊரிலும் செய்தார்கள். பெரியவர்கள் பெயரில் இருந்தால் ஊர்ப் பெயரில் இருக்கிற மாதிரி என்று நினைத்தார்கள்.

1979-க்கும் 1987-க்கும் இடையில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், அதாவது யுடிஆர் வந்தது. அப்போது அந்த மூவரில் இருவர் உயிரோடு இல்லை. மூன்றாமவரின் மகன் பெயருக்குப் பட்டா ஏறியது. அடங்கலில், அதாவது நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று எழுதுகிற கிராமக் கணக்கில், 'இடுகாடு' என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் 'தரிசு' என்று இருந்தது. யாரும் பார்க்கவில்லை. இடுகாட்டுக்கு யார் சிட்டா எடுத்துப் பார்ப்பார்கள்?

1989-ல் அந்த மகனே முன்னின்று ஒரு சங்கம் பதிவு செய்தார். சுற்றுச்சுவர் கட்டினார், தண்ணீர்த் தொட்டி வைத்தார், வரிசை போட்டு எண் கொடுத்தார். நேர்மையாகச் சொன்னால், அவர் இருந்தவரை அந்த இடம் நன்றாகவே இருந்தது. ஒரு குடும்பத்துக்கு 8 அடிக்கு 12 அடி என்று இடம் ஒதுக்கி, பணம் வாங்கி, ரசீது கொடுத்தார்கள். 1994-ல் 750 ரூபாய். 2012-ல் 6,000. கடைசியாக 2021-ல் ஒரு குடும்பத்திடம் 25,000 வாங்கியிருக்கிறார்கள். அதே 2021-ல்தான், இறந்துபோன அந்த மகனின் வாரிசுகள் சாலையை ஒட்டிய 28 சென்டை மனை போடுகிறவர் ஒருவருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தார்கள். சிப்காட் வந்த பிறகு அந்தச் சாலையில் நிலம் என்ன விலைக்குப் போகிறது என்று பெருந்துறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1958 பத்திரத்தின் நகலை வாங்கிப் படித்தபோது சொத்து விவரத்துக்கு மேலே ஒரு வரி இருந்தது: 'நம் சமூகத்தாரின் பிரேத அடக்கத்துக்காக' வாங்குவதாக. அந்த வரி இல்லாவிட்டால் இந்த வழக்கை எடுத்திருக்கவே மாட்டேன்.

யாரைக் கேட்பது

எல்லோரையும் போல அந்த அக்காவும் முதலில் காவல் நிலையம் போனார். மனு ரசீது கொடுத்தார்கள், 'இது சிவில் மேட்டர்' என்று அனுப்பிவிட்டார்கள். அது முழுச் சரியில்லை. அடக்கம் செய்த இடத்தில் அத்துமீறி நுழைந்து, மற்றவர் மனம் புண்படும் என்று தெரிந்தே சேதம் செய்தால் அது குற்றம். சம்பவம் நடந்தபோது இந்திய தண்டனைச் சட்டம் 297. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 301. ஒரு வருடம்வரை சிறை. ஆனால் நிலம் கிரயமாகிவிட்டதால், 'என் இடத்தில் நான் வேலை செய்தேன், அங்கே சமாதி இருந்தது தெரியாது' என்று வாங்கியவர் சொன்னார். தெரிந்தே செய்தார் என்று காட்ட வேண்டியது நம் பக்கம். அதோடு அந்தக் கதவு பாதி மூடிக்கொண்டது.

ஊராட்சியில் 'அது பட்டா இடம், எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்றார்கள். கிராம நிர்வாக அலுவலர் 'பட்டாதாரர் விற்றிருக்கிறார், நான் என்ன செய்ய' என்றார். பத்திரப் பதிவில் 'ஆவணம் சரியாக இருந்தது, பதிந்தோம்' என்றார்கள். நாலு அலுவலகமும் தன்னளவில் ஒரு பதில் வைத்திருந்தது. நாலையும் சேர்த்தால் அந்த இடுகாட்டுக்கு மேலே யாருமே இல்லை என்று ஆகிறது.

பள்ளிவாசல் கபர்ஸ்தான் வக்ஃபு சொத்தாக இருந்தால் வக்ஃபு வாரியம் கேள்வி கேட்கும். கோயில் நிலம், மடத்து நிலம் என்றால் அறநிலையத்துறை. பெரிய திருச்சபைகளில் கல்லறைத் தோட்டத்துக்கென்று குழுவும் விதிகளும் உண்டு. ஒரு சமூகச் சங்கமோ நாலு பேர் சேர்ந்த அறக்கட்டளையோ நடத்துகிற இடுகாட்டுக்குத்தான் இப்படி ஒரு மேலாள் இல்லை. மகாராஷ்டிரத்தில் 1950 முதல் எல்லாப் பொது அறக்கட்டளைக்கும் சேர்த்து ஒரு சட்டமும் அதற்கென ஆணையரும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படிப் பொதுவான சட்டம் கிடையாது.

சரி, சங்கத்தையாவது கேட்கலாம் என்று போனோம். 1975-ஆம் வருட சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் 36-ஆம் பிரிவு இருக்கிறது. உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கேட்டால், அல்லது பதிவாளர் தானாகவே நினைத்தால், சங்கத்தின் நடவடிக்கையை விசாரிக்கலாம். உறுப்பினர் பட்டியலை வாங்கிப் பார்த்தால் ஏழே பேர். ஏழு பேரும் ஒரே குடும்பம். இருநூறு குடும்பம் பணம் கட்டியிருக்கிறது, ஒருவர்கூடக் காகிதத்தில் உறுப்பினர் இல்லை. கட்டியதெல்லாம் 'இடக் கட்டணம்', சந்தா இல்லை. பதிவாளர் தானாக விசாரிக்க மனு போட்டோம். கடைசியாக 2013-ல் கணக்கு தாக்கல் செய்திருக்கிறார்கள் என்பது மட்டும் அதில் தெரிய வந்தது.

பணம் எங்கே போனது என்பதற்குச் சுவடே இல்லை. இறுதிச் சடங்கு, அடக்கம், தகனம் எல்லாம் ஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி சரக்கும் இல்லை, சேவையும் இல்லை. துக்கத்தில் இருப்பவரிடம் வரி வாங்கக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் வரி இல்லாததால் பில்லும் இல்லை, பில் இல்லாததால் கணக்கும் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் கல்லறைத் தோட்டங்களுக்கென்றே ஒரு வாரியம் இருக்கிறது. சமாதி இடம் விற்கிற பணத்தில் குறைந்தது 10 சதவீதத்தை நிரந்தரப் பராமரிப்பு நிதியில் போட வேண்டும் என்று அங்கே சட்டம். நம் ஊரில் அப்படி ஒரு வரி யாராவது எழுதியிருந்தால், இருநூறு குடும்பத்தின் பணத்தில் ஒரு பகுதியாவது வங்கியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கிடந்திருக்கும்.

நான் செய்த தவறு

அவசரத்தில் முதல் வழக்கை அந்த அக்கா ஒருவர் பெயரிலேயே போட்டேன். அவருடைய அப்பா சமாதி, அவருடைய ரசீது, அவருக்குத் தடை உத்தரவு. எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் ரசீதையே எடுத்து எங்களுக்கு எதிராகத் திருப்பினார். 'பணம் கட்டி இடம் வாங்கியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நிலம் அவர்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகத்தானே ஆகிறது? இது தனியார் இடுகாடு. ஒரு சமாதிக்கு வேண்டுமானால் நஷ்ட ஈடு கேளுங்கள்.' எங்கள் கையில் இருந்த நல்ல ஆவணமே எங்களுக்கு வினையாகிவிட்டது.

அன்று இரவு உட்கார்ந்து 1976-ல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் திரும்பப் படித்தேன். சையத் முகமது சாலி லெப்பை வழக்கு, தமிழ்நாட்டிலிருந்து போனது. முஸ்லிம் அடக்கத்தலம் பற்றியது. ஆனால் அதில் சொன்ன அளவுகோல் எந்த இடுகாட்டுக்கும் பொருந்தும் என்று வாதாட இடமிருக்கிறது. குடும்ப இடுகாடு என்றால் அங்கே அதை நிறுவியவரும் அவருடைய குடும்பமும் சந்ததியும் மட்டுமே இருக்க வேண்டும். வெளியாட்களை அடக்கம் செய்ய விட்டுவிட்டால், அது தனியார் தன்மையை இழந்து பொது இடுகாடு ஆகிவிடும். பொது என்று காட்ட, காலம் காலமாக யார் யாரை, எத்தனை பேரை, எந்த அளவுக்கு அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று ஒன்றன் மேல் ஒன்றாக நிகழ்வுகளைக் காட்ட வேண்டும்.

ஒரு ரசீது இருந்தால் அது தனியார் இடத்தை ஒப்புக்கொண்ட கதை. நாற்பது குடும்பத்தின் ரசீது இருந்தால் அது பொது இடுகாட்டின் சாட்சி. அந்த வழக்கைத் திரும்பப் பெற்று, இரண்டு பேர் எல்லோருக்காகவும் போடுகிற பிரதிநிதித்துவ வழக்காக, சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 1 விதி 8-ன் கீழ் புதிதாகப் போட்டோம். பத்திரிகையில் பொது அறிவிப்பு வெளியானது. அதைப் பார்த்துத்தான் மற்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பழைய தகரப் பெட்டிக்குள், சாமி படத்துக்குப் பின்னால், கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள் என்று எங்கெங்கோ இருந்து ரசீதுகள் வந்தன.

இன்னொரு வழியிலும் காலம் போனது. மோசடிப் பத்திரம் என்றால் பதிவுச் சட்டம் 77-ஏ பிரிவில் மாவட்டப் பதிவாளரே ரத்து செய்வார் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அதையும் போட்டு வைத்தோம். விசாரணைக்கு வருவதற்குள் 2024-ல் அந்தப் பிரிவே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பத்திரத்தை ரத்து செய்ய உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

கல் எண்ணிய காலை

நீதிமன்றம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமித்தது. இடத்தைப் பார்த்து, சர்வேயரை வைத்து அளந்து, இருப்பதை இருக்கிறபடி எழுதித் தருவதுதான் அவர் வேலை. காலை ஆறரைக்கே போய்விட்டோம், வெயில் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த எழுத்து தெரியும் என்று. அப்படியும் பாதிக் கல் படிக்க முடியவில்லை. ஒரு அம்மா வீட்டிலிருந்து கோலமாவு டப்பா கொண்டுவந்தார். கல்லில் தண்ணீர் ஊற்றித் துடைத்து, காய்ந்ததும் மாவை உள்ளங்கையால் தேய்த்தால், பள்ளத்தில் மாவு நின்று எழுத்து வெள்ளையாக எழும்பியது. ஆணையர் ஒவ்வொன்றாகப் படித்து எழுதினார். மீதி இடத்தில் மட்டும் 143 கல். பழசு 1959. வெவ்வேறு 38 குடும்பங்கள். பட்டா வைத்திருந்த குடும்பத்தின் கல் அதில் ஒன்பது.

வேலிக்கு அந்தப் பக்கம் 28 சென்டில் கல்லே இல்லை. அங்கேதான் குழி வெட்டுகிற பெரியவர் வந்தார். எழுபது தாண்டியவர், அவருடைய அப்பாரு (தாத்தா) காலத்திலிருந்து அந்தக் குடும்பம்தான் அங்கே குழி வெட்டுகிறது. சங்கம் அவருக்குக் கூலி கொடுத்ததே தவிர எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் இல்லை. படிக்கத் தெரியாது. வடமேற்கு மூலையில் ஒரு பெரிய வேப்பமரம் நிற்கிறது, ஜேசிபிக்குத் தப்பியது. அதன் அடியில் குதிகாலை வைத்து நின்று அந்த அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"வாம்மணி. இங்கிருந்து தெக்கால பதினேழு தப்படி, அங்கிருந்து கெழக்கால நாலு. உங்கய்யன் அங்கதான் இருக்கறாரு. நான்தான வெட்டுனேன். மழ பேஞ்சு சேறு, குழிக்குள்ள தண்ணி ஊறி, அன்னைக்கு நெம்பச் செரமமாப் போச்சு."

அந்த அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். 1994-ல் மழையில் அடக்கம் செய்தது உண்மை என்று அப்புறம் சொன்னார். அதை அவர் என்னிடமோ ஆணையரிடமோ சொல்லியிருக்கவில்லை.

பெரியவர் அன்று மத்தியானம்வரை நடந்து 61 இடத்தைக் காட்டினார். ஒவ்வொரு இடத்திலும் ஆணையர் ஒரு முளைக்குச்சி அடித்து எண் போட்டார். இதைத் தனியாக வைத்தால் ஒரு வயதானவரின் ஞாபகம், அவ்வளவுதான். ஆனால் எங்களிடம் வந்திருந்த ரசீதுகளில் 19-ல் 'வரிசை இத்தனை, இடம் இத்தனை' என்று எழுதியிருந்தது. சங்கம் முதலில் போட்ட வரிசைப்படி சர்வேயர் அந்த 19 இடத்தையும் வரைபடத்தில் குறித்தார். பெரியவரின் முளைக்குச்சியோடு ஒப்பிட்டால் 17 ஒத்துப்போனது. படிக்கத் தெரியாதவர் காலால் வைத்திருந்த பதிவேடும், சங்கம் கொடுத்த ரசீதும் ஒரே இடத்தில் வந்து நின்றன. இருபத்துச் சொச்சம் வருடத்தில் இதைவிட நல்ல சாட்சியம் எனக்குக் கிடைத்ததில்லை.

'அப்படியானால் தோண்டிப் பார்த்துவிடலாமே' என்று வாங்கியவர் தரப்பில் கேட்டார்கள். ஒரு குடும்பமும் சம்மதிக்கவில்லை. மரணத்தின் காரணத்தை விசாரிக்க மாஜிஸ்திரேட் உடலைத் தோண்டி எடுக்கச் சொல்லலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. நிலத் தகராறுக்காக அடக்கம் செய்தவரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை என்று எங்கள் நீதிபதி சொல்லி, 28 சென்டில் எந்த வேலையும் செய்யக் கூடாது என்று இடைக்காலத் தடை கொடுத்தார்.

உரிமம் என்கிற முடிச்சு

இனி நிம்மதி என்று நினைத்தபோதுதான் பெரிய சிக்கல் வந்தது.

மயானம் என்பது மாநிலத்தின் பொறுப்பு. அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 10-வதாக இருக்கிறது. 1994-ஆம் வருட ஊராட்சிகள் சட்டம் 110-ஆம் பிரிவில் இடுகாடு, சுடுகாடு ஏற்படுத்திப் பராமரிப்பதை ஊராட்சியின் கடமையாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே 1999-ல் வந்தவை ஊராட்சி மயான விதிகள். பொதுவானாலும் தனியாரானாலும் புது மயானத்துக்கு ஊராட்சியின் உரிமம் வேண்டும். ஏற்கெனவே இருப்பது ஊராட்சிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அப்படிப் பதிவோ உரிமமோ இல்லாத இடத்தில், குடியிருப்பிலிருந்தோ குடிநீர் ஆதாரத்திலிருந்தோ 90 மீட்டருக்குள் அடக்கம் செய்யக் கூடாது என்பது 7-ஆம் விதி. அப்படியானால் 90 மீட்டரைத் தாண்டினால் சொந்த நிலத்தில் புதைக்கலாமே என்று முன்பு சில தீர்ப்புகள் சொல்லியிருந்தன. கொங்கு நாட்டில் தோட்டத்து மூலையில் அப்பாரு சமாதி இருப்பதும், பொங்கலுக்கு அதற்குச் சுண்ணாம்பு அடிப்பதும் சாதாரண விஷயம். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: விதிகளைச் சேர்த்துப் படித்தால் பதிவோ உரிமமோ பெற்ற இடத்தில் மட்டும்தான் அடக்கம் செய்ய முடியும்.

எங்கள் இடுகாடு 65 வருடமாக ஊராட்சிப் பதிவேட்டில் ஏறவே இல்லை. எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்பைக் கொண்டுபோய் ஊராட்சியில் கொடுத்தது. 'பதிவில்லாத இடத்தில் பிணம் புதைக்கிறார்கள், நடவடிக்கை எடுங்கள்.' ஊராட்சியும், பதிவு ஆகும்வரை அடக்கம் செய்ய வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அதுவரை 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்ற ஊராட்சிதான்.

பிறகு பதினெட்டு மாதம். அந்தக் காலத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். மூன்று பேரைச் சொந்தக்காரர்கள் வழியில் வேறு ஊர் இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேரைக் கேஸ் தகன மேடைக்கு. அதில் ஒரு பாட்டி, "என்னெத் தீயில மட்டும் போட்றாதீங்க கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவருடைய பேரன் இதை என்னிடம் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

2025 ஜனவரியில் சத்தீஸ்கரில் நடந்ததைப் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பஸ்தர் பகுதியில் ஒரு கிறிஸ்தவப் போதகரின் உடல், சொந்த ஊரில் அடக்கம் செய்ய எதிர்ப்பு வந்ததால் 7-ஆம் தேதியிலிருந்து பிணவறையில் கிடந்தது. 27-ஆம் தேதி உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் இரு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் சொந்த நிலத்திலேயே புதைக்கலாம் என்றார், இன்னொருவர் ஒதுக்கிய இடத்தில்தான் என்றார். இனியும் தாமதிக்கக் கூடாது என்று, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒதுக்கப்பட்ட இடத்தில் அடக்கம் செய்ய உத்தரவானது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் வழக்கின் கட்சிக்காரர்களில் நாலு பேர் போன் செய்து, நமக்கும் இதுதானா என்று கேட்டார்கள்.

முழு அமர்வுத் தீர்ப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. நிலத்தடி நீரும் அக்கம்பக்கத்தாரும் முக்கியம். ஆனால் பதிவேட்டில் ஏற்ற வேண்டியதை ஏற்றாமல் இத்தனை வருடம் விட்டது ஊராட்சி. அதற்கு விலை கொடுத்தது அந்தப் பாட்டி. இதை ஒருபோதும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இடுகாட்டைப் பதிவேட்டில் ஏற்ற ஊராட்சிக்கு உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம். ஈரோட்டுக்காரர்களுக்குச் சென்னை. பக்கத்துக் கரூர்க்காரராக இருந்தால் மதுரைக் கிளைக்குப் போயிருப்பார். பன்னிரண்டு வாரத்துக்குள் முடிவெடுக்க உத்தரவு வந்தது. 2024 அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானம் நிறைவேறியது. பக்கத்தில் வீடு வந்துவிட்டது, 90 மீட்டர் இல்லை என்று ஆட்சேபம் வந்தது. வீடு 2016-ல் கட்டியது, முதல் கல் 1959. 7-ஆம் விதியின் தடை, பதிவும் உரிமமும் இல்லாத இடத்துக்குத்தான். ஆணையர் அறிக்கையை வைத்து அதற்குப் பதில் கொடுத்தோம். கோப்பு நகர்வதற்குள் 2025 ஜனவரி 5-ல் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் கைக்குப் பொறுப்பு போனது. மறுபடி முதலிலிருந்து மனு, விசாரணை, நேரடி ஆய்வு. அந்த வருடம் ஆடியில், மீதியுள்ள 84 சென்ட் இடுகாடாகப் பதிவேட்டில் ஏறியது.

அந்த ஒரு பதிவு செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஊராட்சி இனி 'சம்பந்தமில்லை' என்று சொல்ல முடியாது. அடங்கலில் 'தரிசு' என்பதை மாற்ற வருவாய்த்துறைக்கு ஆதாரம் கிடைத்தது. யுடிஆர் பிழையைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலரிடம் போட்ட மனு அதற்குப் பிறகுதான் உயிர் பெற்றது. இன்னொரு கடமையும் வெளியே வந்தது. 1969-ஆம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 10-ஆம் பிரிவின்படி, உடல்களை அடக்கம் செய்யும் இடத்தின் உரிமையாளரோ பொறுப்பாளரோ அங்கே வரும் இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கம் ஒருமுறைகூடச் செய்ததில்லை. செய்திருந்தால் கோலமாவு தேய்த்து எண்ண வேண்டியிருந்திருக்காது. வருடவாரியாக எல்லாம் அரசாங்கத்திடமே இருந்திருக்கும்.

நிர்வாகத்தை மாற்ற மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவில் அனுமதி கேட்டிருக்கிறோம். பொது அறக்கட்டளையில் அக்கறையுள்ள இரண்டு பேர் இருந்தால், நீதிமன்ற அனுமதியோடு பொறுப்பாளரை நீக்கவும், கணக்குக் கேட்கவும், நிர்வாகத் திட்டம் வகுக்கவும் கேட்கலாம். எங்கள் திட்டத்தில் முக்கியமானவை: அடக்கம் செய்கிற ஒவ்வொரு குடும்பமும் உறுப்பினர், கட்டணத்தில் ஒரு பங்கு வங்கி வைப்பில், குழி வெட்டுகிறவர் பெயர் சம்பளப் பதிவேட்டில். கடைசியாகச் சொன்னதைப் பெரியவர் கேட்கவில்லை, நாங்களே சேர்த்தோம்.

இதேபோல இடம் வைத்திருக்கிற ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். வழக்கு வந்த பிறகு வக்கீலைத் தேடுவதைவிட, இந்த வாரமே ஊராட்சியில் உங்கள் இடுகாடு பதிவேட்டில் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். சிட்டா, அடங்கல் எடுத்துப் பாருங்கள், யார் பெயர் இருக்கிறது என்று. குழி வெட்டுகிறவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு நாள் அவரோடு நடந்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

28 சென்ட் கிரயத்தை ரத்து செய்யும் வழக்கு சாட்சி விசாரணையில் இருக்கிறது. பெரியவரின் குறுக்கு விசாரணை முடிந்தது. "எழுதப் படிக்கத் தெரியாத நீங்கள் எப்படி இத்தனை இடத்தை ஞாபகம் வைத்தீர்கள்" என்று கேட்டதற்கு, "நாந்தானுங்க வெட்டுனேன்" என்று மட்டும் சொன்னார்.

இடுகாட்டுக் கதவோரம் இப்போது ஒரு தடித்த நோட்டு இருக்கிறது. பெயர், வயது, இறந்த தேதி, அடக்கம் செய்த தேதி, கொண்டுவந்தவர் கையெழுத்து, இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவித்த நாள் என்று நான் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அந்த அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஸ்கேல் வைத்து இன்னொரு கட்டம் போட்டார். தலைப்பு: 'மரத்திலிருந்து'. ஐப்பசியில் முதல் அடக்கம் நடந்தது, பெரியவர் சொல்லச் சொல்ல அவரே எழுதினார்: தெற்கே 31, கிழக்கே 12. பழைய ஆட்களை நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறார். அவருடைய அப்பா பெயருக்கு நேரே இருப்பது: தெற்கே 17, கிழக்கே 4, வேலிக்கு அந்தப் பக்கம்.